பிரிந்த பிறகும் பேச வேண்டியிருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரிந்து வாழும் அப்பாக்களுக்கும் அம்மாக்களுக்கும், அடுத்த வாய்தா தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக் காத்திருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

எங்கள் வழக்குக் கட்டில் ஓர் இன்ஹேலரைப் பற்றி மட்டும் 11 பக்கங்கள் இருந்தன. மகளுக்கு அப்போது 7 வயது. ஆஸ்துமா உண்டு. இருந்தது ஒரே ஒரு நீல நிற இன்ஹேலர். ஒரு வாரக் கடைசியில் அது என் வீட்டிலேயே தங்கிவிட்டது. அவள் அப்பா வீட்டில் இரவு முழுக்க இருமித் திணறினாள். அடுத்த மாதம் அவர் வீட்டில் தங்கிவிட்டது; என் வீட்டில் திணறினாள். "வேண்டுமென்றே கொடுத்தனுப்பவில்லை" என்று அவர் மனுவில் எழுதினார். "குழந்தையின் உயிரோடு விளையாடுகிறார்" என்று நான் பதில் மனுவில் எழுதினேன். அதற்கு 2 வக்கீல்கள், 3 வாய்தா, 2 மருத்துவச் சான்றிதழ்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து, பிரிந்தவர்கள் பேசி முடிவெடுக்க உதவும் ஒரு மத்தியஸ்தரின் முன்னால் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. அந்தக் காகிதங்களை அவர் புரட்டவேயில்லை. "மொத்தம் எத்தனை இன்ஹேலர் இருக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணுதான் மேடம்."

"இன்னொண்ணு வாங்கி ஆளுக்கு ஒண்ணு வச்சுக்கிட்டா?"

இருவரும் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்த்தோம். அத்தனை மாதத்தில் அதுதான் முதல் தடவை. எங்கள் இருவருக்குமே அந்த யோசனை வராமல் போனதற்குக் காரணம் இருந்தது. அதுவரை நாங்கள் நின்ற இடத்தில் அப்படி ஒரு கேள்விக்கு இடமே இல்லை. யார் செய்தது தப்பு என்பதுதான் அங்கே கேள்வி. அடுத்த சனிக்கிழமை குழந்தை நிம்மதியாக மூச்சுவிட என்ன செய்யலாம் என்று கேட்பதற்கு வழக்குக் கட்டில் பக்கம் கிடையாது.

இந்த மடலை எழுத அந்த ஒரு கேள்விதான் காரணம்.

குடும்ப மத்தியஸ்தம் என்று சொன்னவுடனே பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. எனக்கும் சுருங்கியது. 'சேர்த்து வைக்கப் பார்க்கிறார்கள்' என்றுதான் அது காதில் விழுகிறது. பெரியவர்கள் நாலு பேர் கூடி உட்கார்ந்து, "விட்டுக்கொடுத்துப் போங்க, குழந்தை முகத்தைப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவைக்கும் பஞ்சாயத்து நினைவுக்கு வருகிறது. அதையெல்லாம் கேட்டுக் கேட்டு, பொறுத்துப் பார்த்து, முடியாமல்தானே பிரிந்தோம்! திரும்பவும் அங்கே போய் உட்கார வேண்டுமா என்ற கோபம் நியாயமானதுதான்.

ஆனால் பிரிவுக்குப் பிறகு நடக்கும் மத்தியஸ்தம் வேறு. பிரிந்தாயிற்று என்பதை ஒப்புக்கொண்டுதான் அங்கே பேச்சே தொடங்குகிறது. குழந்தை எந்த நாளில் எங்கே இருக்கும், செலவை யார் எப்படிப் பகிர்வது, வீட்டை என்ன செய்வது, கடனை யார் அடைப்பது, பள்ளியை மாற்றுவதென்றால் யாரைக் கேட்பது... இவைதான் பேச்சு. கல்யாணம் ஏன் உடைந்தது என்று அங்கே யாரும் விசாரிப்பதில்லை. எங்கள் மத்தியஸ்தரிடம் நான் பழைய கதையைத் தொடங்கியபோது அவர் நிறுத்தவில்லை, கேட்டார். கேட்டு முடித்து, "சரிம்மா, இனிமே வர்ற புதன்கிழமைக்கு வருவோமா?" என்றார். என் வலியை அவர் ஒதுக்கித் தள்ளியதாகத் தோன்றவில்லை. அதைச் சுமந்துகொண்டே புதன்கிழமையைப் பற்றியும் பேச முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மத்தியஸ்தர் தீர்ப்பு சொல்வதில்லை, உங்கள் பக்கமோ எதிர்ப் பக்கமோ நின்று வாதாடுவதில்லை. இரண்டு பேரும் தாங்களாகவே முடிவெடுக்கும்படி பேச்சை ஒழுங்குபடுத்துவதுதான் அவர் வேலை. கேட்க எளிதாக இருக்கிறது. நேரில் பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய கைத்திறன் என்று தெரியும். நான் சொன்ன குத்தலான வாக்கியத்தை எடுத்து, அதிலிருந்த முள்ளை மட்டும் உருவிவிட்டு, மிச்சத்தை மகளின் அப்பாவிடம் திருப்பிச் சொல்வார். "அவருக்கு எப்பவுமே பொறுப்பு கிடையாது" என்று நான் சொன்னது, "நேரத்துக்கு வந்து கூட்டிட்டுப் போவாருன்னு நம்பிக்கை வரணும்னு சொல்றாங்க" என்று அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. நான் சொல்ல வந்ததும் உண்மையில் அதுதான்.

அறைக்குள் என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் நிறையப் பேர் பயப்படுகிறார்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் மத்தியஸ்தர் எங்கள் இருவரையும் தனித்தனியாக, வேறு வேறு நாளில் பார்த்தார். என்னோடு முக்கால் மணி நேரம் பேசினார். அதில் பாதி நேரம் ஒரே விஷயத்தைத்தான் பல விதமாகக் கேட்டார். மகளின் அப்பா எப்போதாவது அடித்திருக்கிறாரா, மிரட்டியிருக்கிறாரா, கையில் பணம் இல்லாமல் வைத்திருந்தாரா, போனை எடுத்துப் பார்ப்பாரா, அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது "முடியாது" என்று என்னால் சொல்ல முடியுமா. இதே கேள்விகளை அவரிடமும் கேட்டிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. இந்தத் தனிச் சந்திப்பு இல்லாமல் நேரே இருவரையும் எதிரெதிரே உட்கார வைக்கும் மத்தியஸ்தரிடம் போகாதீர்கள். இதை அழுத்தியே சொல்கிறேன்.

அப்புறம் கூட்டுச் சந்திப்பு. ஒன்றரை மணி நேரம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் 5 முறை. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் 4 வாரத்துக்குக் கட்டம் போட்டார். என் நாட்களுக்குப் பச்சை, அவர் நாட்களுக்கு ஊதா. முதல் நாள் பலகை முழுக்க வெள்ளையாகவே இருந்தது. ஒத்துப்போகும் நாட்களுக்கு மட்டும் நிறம் கொடுத்தார். மூன்றாம் சந்திப்பு முடியும்போது வெள்ளையாக மிச்சம் இருந்தவை 6 கட்டங்கள். 28 கட்டங்களில் 6. இதற்காகவா இத்தனை மாதம் தூக்கம் போயிற்று என்று நான் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இருவரையும் ஒரே அறையில் வைத்தால் பேச்சு ஓடாது என்று தோன்றினால், ஆளுக்கு ஓர் அறையில் உட்கார வைத்து, மத்தியஸ்தர் இரண்டுக்கும் நடுவே நடந்து நடந்து பேசும் முறையும் உண்டு. வீடியோ அழைப்பிலும் நடத்துகிறார்கள். எங்களுக்கு ஒரு நாள் அப்படித்தான் தனித்தனி அறைகளில் நடந்தது. பணக் கணக்கு பேசிய நாள் அது.

அந்த அறையில் பேசுவது வெளியே போகக் கூடாது என்பது அடிப்படை விதி. சமாதானத்துக்காக நீங்கள் ஒரு யோசனை சொன்னால், "அன்னைக்கு ஒப்புக்கிட்டாங்களே" என்று நாளைக்குக் கோர்ட்டில் யாரும் கொடி பிடிக்க முடியாது. பல நாடுகளின் சட்டம் இதற்குப் பாதுகாப்பு தருகிறது. குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் அந்த மௌனம் செல்லாது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். எல்லா ஊரிலும் விதி ஒன்றாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கலிஃபோர்னியாவின் சில மாவட்டங்களில் பேச்சு முறிந்தால் மத்தியஸ்தரே நீதிமன்றத்துக்குப் பரிந்துரை எழுதலாம். அதனால் உட்கார்ந்த முதல் நிமிஷமே கேளுங்கள்: "நான் சொல்றது எங்கே போகும்?"

இப்போது எனக்கு மிக நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன்.

சனி, ஞாயிறு இரண்டு இரவும் மகள் தன்னோடு இருக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. ஓர் இரவுகூடக் கூடாது என்பது என்னுடையது. கோர்ட்டில் இந்த இரண்டும் 14 மாதம் மோதின. மத்தியஸ்தர் என்னைக் கேட்டார்: "ராத்திரியில என்ன நடக்கும்னு பயப்படுறீங்க?" நான் சொன்னேன், அவர் தூங்கினால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார், தூக்கத்தில் அவளுக்கு மூச்சு வாங்கினால் யாருக்கும் தெரியாது என்று. பிறகு அவரைக் கேட்டார்: "ராத்திரி தங்கலேன்னா உங்களுக்கு எது போயிடும்?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. கையிலிருந்த பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "அவளைத் தூங்க வைக்கிறது நான்தான். பிறந்ததுலேருந்து அது என் வேலை. இப்ப அது இல்லை" என்றார்.

எனக்குத் தெரியாத விஷயம் இல்லை அது. தினம் தினம் பார்த்ததுதான். ஆனால் ஒன்றரை வருஷ மனுக்களில் எங்கேயும் அந்த வரி இல்லை. என் பயமும் இல்லை. 'தந்தையின் உரிமை', 'தாயின் இயல்பான பாதுகாப்பு' என்ற பெரிய சொற்கள் இருந்தன. நாங்கள் இரண்டு பேரும் அவற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தோம்.

அன்றைக்கே முடிவானது இது: முதல் 2 மாதம் ஓர் இரவு மட்டும். அவள் கட்டில் அவர் அறைக்குள்ளேயே இருக்கும். மூச்சு வாங்கினால் என்னென்ன செய்ய வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த தாள் இரண்டு வீட்டு ஃப்ரிட்ஜ் கதவிலும் ஒட்டப்படும். சிரமம் எதுவும் இல்லையென்றால் மூன்றாம் மாதத்திலிருந்து 2 இரவுகள். சிரமம் எதுவும் வரவில்லை.

நான் சொல்வது என் ஒருத்தியின் அனுபவம்தானே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில் ராபர்ட் எமரி என்ற உளவியலாளர் செய்த ஓர் ஆய்வு உண்டு. குழந்தைப் பொறுப்புக்காக ஏற்கெனவே கோர்ட் படி ஏறிவிட்ட பெற்றோரை எடுத்துக்கொண்டு, யாருக்கு மத்தியஸ்தம், யாருக்கு வழக்கு என்பதைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்தார். மத்தியஸ்தம் என்பதும் மாதக்கணக்கில் நடக்கவில்லை. சில மணி நேரம்தான். 12 வருஷம் கழித்துத் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தையோடு ஒரே வீட்டில் வாழாத பெற்றோரில் வாரம் ஒரு முறையாவது குழந்தையைப் பார்த்தவர்கள், வழக்காடிய குடும்பங்களில் 9 சதவீதம்; மத்தியஸ்தத்துக்குப் போன குடும்பங்களில் 28 சதவீதம். வாரம் ஒரு முறையாவது போனில் பேசியவர்கள், வழக்காடிய குடும்பங்களில் 14 சதவீதம்; மத்தியஸ்தத்துக்குப் போன குடும்பங்களில் 52 சதவீதம். நூற்றுக்கும் குறைவான குடும்பங்களை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். குலுக்கல் முறையில் பிரித்ததால், ஏற்கெனவே நல்லபடியாகப் பேசிக்கொள்பவர்கள்தான் மத்தியஸ்தத்துக்கு வந்தார்கள் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அதனால்தான் நான் இதை நம்புகிறேன்.

அந்த 9 என்ற எண் எனக்கு வெறும் எண்ணாகத் தெரியவில்லை. அதற்குப் பின்னால், வாரம் ஒரு முறைகூடக் குழந்தையைப் பார்க்காதவர்கள் நூறில் 91 பேர் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேராவது, பார்க்கும் உரிமைக்காக ஒரு காலத்தில் உயிரைக் கொடுத்து வழக்காடியவர்களாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன். சண்டை போட்டுப் போட்டு, சண்டை இல்லாமல் அந்தக் குழந்தையிடம் போகும் வழியே அடைபட்டுப் போயிருக்கும்.

இது புதிதாக யாரோ கண்டுபிடித்த மோகமும் இல்லை. அட்லான்டாவில் கூக்லர் என்ற வக்கீல், தன் சொந்த மணமுறிவில் பட்டதை வைத்து, 1974-இல் குடும்பங்களுக்கென்றே ஒரு மத்தியஸ்த மையத்தைத் தொடங்கினார். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அப்படி ஒன்று 1978-இல் தொடங்கியது. கலிஃபோர்னியா 1981-இல் குழந்தைப் பொறுப்பு வழக்குகளுக்கு முதலில் மத்தியஸ்தம் என்று சட்டமே கொண்டுவந்தது. இந்தியாவில் 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டம், வழக்கின் தொடக்கத்திலேயே உடன்பாட்டுக்கு முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாக வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2006-இல் செய்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, குழந்தை விஷயமாக வழக்குப் போடுவதற்கு முன் பேசித் தீர்க்க முயன்றதற்குச் சான்றிதழ் காட்ட வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014 முதல், மனு போடுமுன் மத்தியஸ்தம் என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் சந்திப்புக்கு மனுதாரர் போக வேண்டும். நார்வேயில் 16 வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள பெற்றோர் பிரிந்தால், சண்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், குறைந்தது 1 மணி நேரம் மத்தியஸ்தர் முன் உட்கார வேண்டும். இவை எல்லாவற்றிலும் கட்டாயம் என்பது போய்ப் பார்ப்பதற்குத்தான். ஒப்புக்கொள்ளச் சொல்லி எங்கேயும் கட்டாயப்படுத்த முடியாது. எழுந்து வந்துவிடலாம்.

எனக்குப் பிடித்தது கனடா செய்த காரியம். 2021 மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், குழந்தை யார் 'கஸ்டடி', யாருக்கு 'சந்திக்கும் அனுமதி' என்ற பழைய சொற்களையே மணமுறிவுச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் பெற்றோரின் நேரம், முடிவெடுக்கும் பொறுப்பு என்று எழுதினார்கள். கஸ்டடி என்ற சொல்லை நாம் வேறு எங்கே பயன்படுத்துகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். போலீஸ் கஸ்டடி. குழந்தையை அந்தச் சொல்லுக்குள் வைத்துவிட்டால், ஒருவர் ஜெயித்து ஒருவர் தோற்றுத்தான் ஆக வேண்டும் என்று ஆகிவிடுகிறது.

சரி, எல்லாரும் மத்தியஸ்தத்துக்குப் போங்கள் என்று சொல்கிறேனா? இல்லை. இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடாதீர்கள்.

என் தோழி ஒருத்தி இருக்கிறாள். அவள் கணவர் அவளை அடித்ததற்குக் காயத் தழும்பு கிடையாது. கன்னத்தில் அறைவார், அவ்வளவுதான், தழும்பு விழாது. அவர் தொண்டையைக் கனைத்தாலே இவளுக்குக் குரல் அடைத்துக்கொள்ளும். இவளையும் ஒருவர் பேச்சுவார்த்தைக்கு உட்கார வைத்தார், தனியாக எதுவும் கேட்காமல். இவள் ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தாள். வீடு போயிற்று, மாதத் தொகை போயிற்று. "எல்லாம் சுமுகமா முடிஞ்சது" என்று சொன்னார்களாம். அது சுமுகம் இல்லை. பயத்தில் வாங்கிய கையெழுத்து.

அடி, மிரட்டல், பணத்தை முடக்குவது, ஒவ்வொரு அசைவையும் கண்காணிப்பது, குழந்தையைத் துன்புறுத்துவது, இவை இருக்கும் இடத்தில் பேச்சுவார்த்தை நியாயத்தைத் தராது. பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுக்க 2011-இல் இஸ்தான்புல்லில் கையெழுத்தான ஐரோப்பிய உடன்படிக்கை, இத்தகைய வன்முறை இருந்தால் மத்தியஸ்தத்தைக் கட்டாயமாக்கவே கூடாது என்று 48-ஆம் பிரிவில் சொல்கிறது. வழக்குக்கு முன் போய்ப் பார்ப்பதைக் கட்டாயமாக்கிய ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு விலக்கு உண்டு. உங்கள் நிலைமை இதுவென்றால் நேரே நீதிமன்றத்துக்குப் போங்கள், பாதுகாப்பு உத்தரவு கேளுங்கள். "பேசித் தீர்க்க மனசில்லாதவ" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். குழந்தையைச் சொல்லாமல் வெளிநாட்டுக்குத் தூக்கிப் போய்விடுவார் என்ற அச்சம் இருந்தாலும் அப்படியே. முதலில் உத்தரவு, பேச்சு பிறகு.

சொத்தை மறைப்பவரிடமும் மத்தியஸ்தம் தடுமாறும். மத்தியஸ்தருக்கு வங்கிக் கணக்கை வரவழைக்கும் அதிகாரம் கிடையாது. இரண்டு பேரும் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, கடன், காப்பீடு எல்லாவற்றையும் மேசையில் வைத்தால்தான் பணப் பேச்சு நடக்கும். எங்களுக்குப் பெரிய சொத்து இல்லாததால் அது ஒரே நாளில் முடிந்தது. உங்களுக்கு இருந்தால், காகிதம் வராமல் எண்ணைப் பற்றிப் பேசாதீர்கள்.

குழந்தையைக் கேட்டீர்களா என்றும் கேட்கிறேன். ஐக்கிய நாடுகள் 1989-இல் ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது. கருத்து வேறு, முடிவு வேறு. "நீ யார்கூட இருக்க ஆசைப்படுறே?" என்று கேட்பது குழந்தையின் தலையில் தீர்ப்பைச் சுமத்துவது. அதை நானும் ஒரு முறை கேட்டிருக்கிறேன். அவள் பதில் சொல்லாமல் போய்ப் பல் துலக்கினாள். மாலை ஐந்து மணிக்கு.

எங்கள் மத்தியஸ்தர், குழந்தைகளோடு பேசப் பயிற்சி பெற்ற இன்னொருவரை அழைத்துவந்தார். அவர் மகளோடு தனியாக ஒரு மணி நேரம் படம் வரைந்து விளையாடினார். எங்களிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அவளையே கேட்டுக்கொண்டு வந்து சொன்னார். நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அம்மாவா அப்பாவா என்று வரும் என நினைத்தோம். வந்தது வேறு. வெள்ளிக்கிழமைகளில் துணிப்பையைப் பள்ளிக்கு எடுத்துப் போக அவளுக்குப் பிடிக்கவில்லை. "ஊருக்குப் போறியா, ஊருக்குப் போறியா" என்று வகுப்பில் எல்லாரும் கேட்கிறார்களாம். ஒவ்வொரு வாரமும் "ஆமா" என்று பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்த வாரமே இரண்டு வீட்டிலும் துணி, பல் துலக்கி, செருப்பு எல்லாம் இரண்டிரண்டு ஆயின. பை நின்றது. ஒன்றரை வருஷம் அவள் நலனுக்காக என்று தலைப்புப் போட்டு நாங்கள் எழுதித் தள்ளியதில், அவளுக்கு உண்மையில் தேவைப்பட்ட இந்த ஒன்று இல்லை.

ஒப்பந்தம் எழுதும்போது சின்னச் சின்ன விஷயங்களை வெட்கப்படாமல் எழுதுங்கள். எத்தனை மணிக்கு, எந்த வாசலில், தாமதமானால் எத்தனை நிமிஷம் காத்திருப்பது, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அந்த முறை என்ன ஆகும், பாஸ்போர்ட் யார் கையில், பள்ளிக் கட்டணத்தில் யாருக்கு எத்தனை பங்கு, விடுமுறையை எப்படிப் பிரிப்பது, வாழ்க்கையில் புதிதாக ஒருவர் வந்தால் குழந்தைக்கு எப்போது, எப்படி அறிமுகம் செய்வது. கைக்குழந்தை என்றால் நீண்ட இடைவெளி தாங்காது, அடிக்கடி கொஞ்ச நேரம் பார்ப்பதே பொருந்தும். பதின்ம வயதுப் பிள்ளைக்கு அதன் சொந்த நேர அட்டவணை வந்துவிடும், அதற்கு இடம் விட வேண்டும். வருஷம் ஒரு முறை திரும்ப எடுத்துப் பார்ப்போம் என்றும் ஒரு வரி சேருங்கள். எங்கள் முதல் ஒப்பந்தத்தில் வேலை மாற்றலைப் பற்றி எதுவும் எழுதவில்லை. நான்காம் வருஷம் அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. பழைய நாளாக இருந்தால் அன்றைக்கே வக்கீலுக்குப் போன் போயிருக்கும். மறுபடி அதே அறைக்குப் போனோம். 2 சந்திப்பில் புது அட்டவணை வந்தது.

கையெழுத்துப் போடுமுன் உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். மத்தியஸ்தர் உங்களுக்குச் சட்ட ஆலோசனை சொல்ல மாட்டார்; சொல்லவும் கூடாது. எது எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுக்க வேண்டும். பிறகு அதை நீதிமன்றத்தில் கொடுத்து உத்தரவாக வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் தாளாக இருந்தால் நாளை ஒருவர் மீறும்போது கையில் பிடிமானம் இருக்காது. நல்ல குடும்ப வக்கீல்கள் இதற்கு உதவுகிறார்கள். என் வக்கீலே அந்த ஒப்பந்தத்தில் 2 இடத்தைத் திருத்திக் கொடுத்தார், அந்தத் திருத்தம் பின்னால் எனக்குக் கைகொடுத்தது.

இரண்டு பக்கத்துச் சொந்தங்களுக்கும் ஒரு வார்த்தை. அத்தைகளே, சித்தப்பாக்களே, தாத்தா பாட்டிகளே, நீங்கள் எங்கள்மேல் உள்ள பாசத்தில்தான் பேசுகிறீர்கள். "விடாதே, ஒரு நாள்கூட விட்டுக் கொடுக்காதே" என்று என் அண்ணன் தினமும் போனில் சொன்னது பாசம்தான். ஆனால் ராத்திரி விளக்கை அணைத்த பிறகு அந்தக் குழந்தையின் பக்கத்தில் படுத்திருந்தது நான். "அப்பா இப்ப சாப்பிட்டிருப்பாராம்மா?" என்று கேட்ட குரல் என் அண்ணனுக்குக் கேட்டிருக்காது. உங்களிடம் நான் கேட்பது, கொஞ்ச காலத்துக்கு எங்களைத் தூண்டாமல் இருங்கள். முடிந்தால், சந்திப்பு நடக்கும் அந்த ஒன்றரை மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் நண்பர்களாக ஆகிவிடவில்லை. அவர் எனக்குச் செய்ததை நான் மறக்கவில்லை, நான் சொன்ன சில சொற்களை அவரும் மறந்திருக்க மாட்டார். மகளுக்கு இப்போது 15 வயது. அவளுடைய பள்ளிக் கூட்டங்களுக்கு இருவரும் போகிறோம். ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்காருகிறோம். அந்த இடத்தில் அவள் வந்து உட்காருகிறாள்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். யார் முதலில் கேட்பது என்பதுதான் எல்லாரையும் தடுக்கிறது. முதலில் கேட்டால் இறங்கி வந்ததாக ஆகிவிடுமே என்று நான் 3 மாதம் கேட்காமல் இருந்தேன். கடைசியில் ஒரு வாய்தா முடிந்து வந்த இரவு, மகள் தூங்கிய பிறகு, அவருக்கு ஒரு மெசேஜ் எழுதினேன். பல தடவை அழித்து அழித்து எழுதியது. அது இப்போதும் என் போனில் இருக்கிறது:

"திரும்பச் சேர்ந்து வாழ்வதைப் பற்றிப் பேசக் கூப்பிடவில்லை. வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லவில்லை. குழந்தையின் நாட்களைப் பற்றி மட்டும், ஒரு மத்தியஸ்தரை வைத்துப் பேசிப் பார்க்கலாமா? ஆளை நீங்களே சொல்லுங்கள், அல்லது நான் 2 பேரைச் சொல்கிறேன், நீங்கள் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். ஒத்து வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம்."

வேண்டுமானால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் வார்த்தையில் மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த வாய்தாவுக்கு முன்னால் அனுப்புங்கள். நேரடியாக அனுப்ப மனம் வரவில்லையென்றால் வக்கீல் மூலம் அனுப்புங்கள். பதில் உடனே வராது. எனக்கு 9 நாள் ஆயிற்று.

வந்த பதில் ஒரே சொல்தான். "எப்போது?"

அன்புடன்,
ஒரு மகளின் அம்மா